ஃபேண்டஸி ஃபுட்பால் ட்ராஃப்டில் விலை குறைந்த நல்ல வீரர்களைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஃபேண்டஸி ஃபுட்பால் என்பது நிஜ அமெரிக்கக் கால்பந்து வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதற்குப் புள்ளி வாங்கும் போட்டி. வீரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்வதுதான் ட்ராஃப்ட். அமெரிக்காவில் ஆகஸ்ட் பிறந்தால் ஆபீஸ் லீக் ஒன்று, நண்பர்கள் லீக் ஒன்று என்று அழைப்பு வந்துவிடும். புதிதாகச் சேருபவர்களில் பலர் ட்ராஃப்டுக்கு முந்தின ராத்திரி "இந்த வருட ஸ்லீப்பர்கள்" (யாரும் கண்டுகொள்ளாத நல்ல வீரர்கள்) என்று தேடி, கிடைத்த பத்துப் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். அதே பட்டியலை லீக்கில் பாதிப் பேர் படித்திருப்பார்கள். ஊருக்கே தெரிந்த ஸ்லீப்பர் மலிவாகக் கிடைக்கமாட்டார். பத்தாம் சுற்றில் எடுக்க வேண்டியவர் ஏழாம் சுற்றிலேயே போய்விடுவார்.

ஒரு வீரர் மலிவா இல்லையா என்று சொல்ல இரண்டு எண்கள் தேவை: உங்கள் கணக்கில் அவருடைய மதிப்பு, உங்கள் லீக்கில் அவர் போகும் விலை. முதல் எண்ணைத் தயார் செய்யாமல் இரண்டாவதைப் பார்க்கக் கூடாது. கீழே உள்ள படிகளின் வரிசையே அதற்காகத்தான்.

இது என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டத்தை வைத்து நடக்கும் 12 அணி ஸ்னேக் ட்ராஃப்டுக்கான வழிகாட்டி. ஸ்னேக் என்றால் ஒரு சுற்றில் 1 முதல் 12 வரை, அடுத்த சுற்றில் 12 முதல் 1 வரை என்று முறை திரும்பி வரும். உதாரணங்களை வேண்டுமென்றே முடிந்துபோன சீசன்களிலிருந்து எடுத்திருக்கிறேன். விடை தெரிந்த கணக்கில்தான் முறை சரியா என்று பார்க்க முடியும்.

## 0. உட்காரும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

உங்கள் லீக்கின் விதிப் பக்கம். ஒரு காலி ஸ்ப்ரெட்ஷீட். முந்தைய சீசனின் புள்ளிவிவரம். அதில் யார்டு (முன்னேறிய தூரம்), டச்டவுனோடு (எதிரணியின் கோல் கோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோவது) டார்கெட் (ஒருவரை நோக்கி வீசிய பாஸ்), ஓட்ட எண்ணிக்கை, ஸ்னாப் சதவீதமும் (அணியின் ஆட்டங்களில் அவர் களத்தில் நின்ற பங்கு) இருக்க வேண்டும். முதல் சுற்றில் உங்கள் இடம் எத்தனையாவது என்ற தகவல், தெரிந்திருந்தால்.

நேரமும் வேண்டும். ஆறேழு மாலைகளைப் பிரித்து ஒதுக்குங்கள். ஒரே ராத்திரியில் முடிக்க நினைப்பவர்கள் 3ஆம் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். வேலை முழுவதும் அந்தப் படியில்தான் இருக்கிறது.

ட்ராஃப்ட் தேதியை முடிவு செய்யும் உரிமை உங்களுக்கு இருந்தால், அணிகள் ஆகஸ்ட் கடைசியில் ஆட்களை 53 ஆகக் குறைத்த பிறகு வையுங்கள். அதற்கு முன் வைத்தால் காயமும் வெட்டும் உங்கள் பட்டியலைக் கலைத்துவிடும்.

## 1. விதிப் பக்கத்தை வரி வரியாகப் படியுங்கள்

ஒவ்வொரு கேட்சுக்கும் ஒரு புள்ளி தருவது பிபிஆர். அரைப் புள்ளி தருவது ஹாஃப் பிபிஆர். எதுவும் தராதது ஸ்டாண்டர்டு. இந்த ஒரு வரி மாறினால் யார் மலிவு என்பதே மாறிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) 80 கேட்ச், 900 யார்டு, 5 டச்டவுன் எடுக்கிறார். ஒரு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) 1,100 யார்டு ஓடி, 20 கேட்சில் 150 யார்டு சேர்த்து, மொத்தம் 9 டச்டவுன் போடுகிறார். 10 யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு 6. பிபிஆரில் ரிசீவருக்கு 200, ரன்னிங் பேக்குக்கு 199. இருவரும் ஒன்றுதான். ஸ்டாண்டர்டில் ரிசீவருக்கு 120, ரன்னிங் பேக்குக்கு 179. ஒரு சீசனில் 59 புள்ளி வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

அடுத்து குவார்ட்டர்பேக் (பாஸ் வீசுபவர்) விதி. பாஸிங் டச்டவுனுக்கு 4 புள்ளியா 6 புள்ளியா? குவார்ட்டர்பேக் ஒருவர் மட்டுமா, இல்லை சூப்பர்ஃப்ளெக்ஸ் இடத்தில் இரண்டாவது ஆளையும் இறக்கலாமா? சூப்பர்ஃப்ளெக்ஸ் என்றால் குவார்ட்டர்பேக்குகள் முதல் இரண்டு சுற்றிலேயே வரிசையாகப் போவார்கள். "குவார்ட்டர்பேக்கைக் கடைசியில் எடுத்தால் போதும்" என்ற பொது அறிவுரை அங்கே உங்களைக் குழியில் தள்ளும்.

இங்கே நடக்கும் தவறு: இணையத்தில் பிபிஆருக்காகப் போட்ட பட்டியலை ஹாஃப் பிபிஆர் லீக்குக்கு அப்படியே கொண்டுவருவது. பட்டியலின் தலைப்பில் எந்த முறை என்று எழுதியிருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை.

## 2. சும்மா கிடைக்கும் ஆள் யார் என்று முதலில் குறியுங்கள்

ஒரு வீரரின் மதிப்பு அவர் எடுக்கும் மொத்தப் புள்ளியில் இல்லை. அவர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் யாரை இறக்குவீர்கள், அவரைவிட இவர் எவ்வளவு கூடுதல் என்பதுதான் மதிப்பு.

12 அணி, ஆளுக்கு ஒரு குவார்ட்டர்பேக் என்றால் ஒரு வாரத்தில் களமிறங்குவது 12 பேர். 13ஆவது குவார்ட்டர்பேக் ஏறக்குறைய சும்மா கிடைப்பார். ரன்னிங் பேக் அப்படி இல்லை. ஆளுக்கு இரண்டு என்றால் 24. ஃப்ளெக்ஸ் இடத்துக்கு (ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் யாரையும் இறக்கலாம்) போகிறவர்களையும் சேர்த்தால் 30 பேரைத் தொடும். ரிசீவரும் கிட்டத்தட்ட அதே அளவு. டைட் எண்ட் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) 12.

உதாரணத்துக்கு, உங்கள் கணிப்பில் முதல் குவார்ட்டர்பேக் 360 புள்ளி, 13ஆவது ஆள் 290. வித்தியாசம் 70. முதல் வரிசை ரன்னிங் பேக் 270, 31ஆவது ஆள் 140. வித்தியாசம் 130. மொத்தப் புள்ளியில் பின்னால் நிற்கும் ரன்னிங் பேக் உங்கள் அணிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தருகிறார். ஸ்ப்ரெட்ஷீட்டில் இந்த வித்தியாசத்துக்குத் தனிப் பத்தி போடுங்கள். இனி வரும் எல்லாப் படியிலும் அந்தப் பத்தியை வைத்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும்.

## 3. சந்தை விலையைப் பார்க்காமல் உங்கள் கணிப்பை எழுதுங்கள்

ஏடிபி என்பது ஒரு வீரர் சராசரியாக எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறார் என்ற எண். அதுதான் சந்தை விலை. அதை ஒருமுறை பார்த்துவிட்டால் உங்கள் கை தானாக அதன் பக்கம் சாயும். 40ஆவது இடத்தில் இருப்பவரை நீங்கள் 38 அல்லது 43 என்று போடுவீர்கள். 75 என்று போட மனம் வராது. அதனால் இந்தப் படி முடியும்வரை ஏடிபி பக்கத்தைத் திறக்காதீர்கள்.

அணியிலிருந்து தொடங்குங்கள், ஆளிலிருந்து வேண்டாம். பெரும்பாலான அணிகள் ஒரு சீசனில் 480 முதல் 620 பாஸ் வரை வீசும். அணிக்கு ஒரு எண்ணை எழுதிவிட்டு, அந்தப் பாஸ்களை ரிசீவர், டைட் எண்ட், ரன்னிங் பேக் என்று பங்கு பிரியுங்கள். ஓட்டங்களையும் அதேபோல. பங்குகளின் கூட்டல் நூறு சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

புதியவர்கள் இதைச் செய்யாமல் ஆள் ஆளாகக் கணிக்கிறார்கள். ஒரே அணியின் நான்கு பேருக்கு 150, 140, 130, 110 டார்கெட் என்று எழுதுவார்கள். நான்கு பேருக்கே 530 ஆகிவிட்டது. ரன்னிங் பேக்குகளும் மிச்சப் பேரும் சேர்ந்தால் 700. அந்த அணி வீசப்போவதே 560 என்றால், நால்வரில் ஒருவராவது பொய் விலையில் நிற்கிறார். கூட்டிப் பார்க்காதவருக்கு அது தெரியவே தெரியாது.

வாய்ப்பு, திறமை, டச்டவுன் என்ற வரிசையில் எழுதுங்கள். வாய்ப்பு என்றால் டார்கெட், ஓட்டம், களத்தில் நிற்கும் நேரம். இதைப் பயிற்சியாளர் முடிவு செய்கிறார். வருடத்துக்கு வருடம் ஓரளவு நிலையாக இருக்கும். ஒரு பந்துக்கு எத்தனை யார்டு என்பது அதைவிட ஆடும். எல்லாவற்றையும்விட அதிகமாகத் தாண்டிக் குதிப்பது டச்டவுன் எண்ணிக்கை. முந்தைய வருடத்தின் டச்டவுனை அப்படியே இந்த வருடத்துக்கு எழுதுவதுதான் இந்தப் படியின் மிகப் பெரிய தவறு.

முந்நூறு பேருக்கும் எழுத வேண்டாம். ட்ராஃப்டில் போகும் 180 பேரில் கிக்கரையும் (பந்தை உதைப்பவர்) டிஃபென்ஸையும் (ஒரு அணியின் தடுப்பு வரிசை மொத்தமாக) விட்டுவிட்டு, ஏறக்குறைய 150 பேருக்கு எழுதினால் போதும். 32 அணியையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது. நாளுக்கு எட்டு அணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## 4. இப்போது ஏடிபியைத் திறந்து பக்கத்தில் ஒட்டுங்கள்

எந்தத் தளத்தில் ட்ராஃப்ட் நடக்கிறதோ அந்தத் தளத்தின் ஏடிபி வேண்டும். ஈஎஸ்பிஎன், யாஹூ, ஸ்லீப்பர் (இது ஒரு தளத்தின் பெயர்) மூன்றிலும் எண்கள் வேறுபடும். காரணம் எளிது: ட்ராஃப்ட் அறையில் திரையில் தெரிவது அந்தத் தளத்தின் சொந்த வரிசை. நேரம் பத்து நொடிக்குக் குறைந்ததும் பதறுபவர் மேலே தெரியும் பெயரைத்தான் அமுக்குவார். உங்கள் லீக்கின் விலையைப் பாதி நிர்ணயிப்பது அந்தத் திரை.

இடைவெளியை இடங்களின் எண்ணிக்கையாகப் பார்க்காமல், 2ஆம் படியில் போட்ட மதிப்புப் பத்தியைக் கொண்டு பாருங்கள். 8ஆவது இடத்துக்கும் 18ஆவது இடத்துக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கும். 118க்கும் 128க்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. "இவர் சந்தையைவிட 25 இடம் மேலே" என்று 12ஆம் சுற்று ஆளைப் பார்த்துப் பூரிப்பவர்கள், 3ஆம் சுற்றில் கிடைக்கும் எட்டு இட லாபத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

பெரிய இடைவெளி உள்ள 25 பேரைத் தனித் தாளில் எழுதுங்கள். இன்னும் இவர்கள் மலிவு ஆட்கள் இல்லை. சந்தேகப் பட்டியல் மட்டுமே.

## 5. ஒவ்வொரு இடைவெளிக்கும் காரணம் கேளுங்கள்

ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து போட்ட விலையோடு உங்கள் கணக்கு ஒத்துப்போகவில்லை. ஒன்று, அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை. இல்லையென்றால் அவர்கள் ஒரே மாதிரி ஒரு தவறைச் செய்கிறார்கள். பெயருக்கு எதிரே ஒரு வரியில் காரணம் எழுத முடியாவிட்டால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். சந்தை திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் நான்கு, ஐந்துதான்.

டச்டவுன் வறட்சி. 2022இல் டியான்டே ஜான்சனுக்கு 147 டார்கெட் வந்தது, 86 கேட்ச், டச்டவுன் பூஜ்யம். என்எஃப்எல் சராசரியில் இருபது, இருபத்திரண்டு டார்கெட்டுக்கு ஒரு டச்டவுன் விழும். அந்தக் கணக்கில் குறைந்தது ஆறு டச்டவுன் வந்திருக்க வேண்டும். அடுத்த சீசனில் மிகக் குறைந்த டார்கெட்டிலேயே ஐந்து போட்டார். பஃபலோ அணியின் ஜேம்ஸ் குக் 2023இல் 1,122 யார்டு ஓடியும் ஓடிப் போட்ட டச்டவுன் இரண்டுதான். கோல் கோட்டருகே பந்தைக் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனே எடுத்துக்கொண்டு 15 முறை உள்ளே போனார். "பஃபலோவில் குக்குக்கு டச்டவுன் வராது" என்பது சந்தையின் முடிவாகிவிட்டது. 2024இல் குக் 16 முறை ஓடிப் போட்டார், யார்டு 1,009. யார்டு கிட்டத்தட்ட மாறவில்லை. டச்டவுன் எட்டு மடங்கு.

இது மறுபக்கமும் வெட்டும். மைக் வில்லியம்ஸ் 2018இல் பிடித்தது 43 பந்துதான்; அதில் 10 டச்டவுன். அடுத்த வருடம் 49 பந்து, 1,001 யார்டு, இரண்டே டச்டவுன். ஆட்டம் முன்னேறியது, ஃபேண்டஸி மதிப்பு சரிந்தது. நாலைந்து பந்துக்கு ஒரு டச்டவுன் போட்டவர் யாராவது உங்கள் தாளில் இருந்தால் அவர் விலை ஊதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அணியில் காலியான இடம். முக்கியமான ஆட்கள் போனால் அவர்களுடைய டார்கெட் யாருக்காவது போய்த்தான் ஆக வேண்டும். 2024இல் பஃபலோ தன் முதல் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை ஹூஸ்டனுக்கு அனுப்பியது. கேப் டேவிஸும் போய்விட்டார். எல்லோர் கண்ணும் என்எஃப்எல் ட்ராஃப்டில் (அணிகள் கல்லூரி வீரர்களை எடுப்பது) வந்த கியான் கோல்மன் மேல், வெளியிலிருந்து வந்த கர்டிஸ் சாமுவேல் மேல். கடைசியில் அணியில் அதிகம் பிடித்தது ஏற்கெனவே உள்ளே இருந்த கலீல் ஷகீர்: 76 கேட்ச், 821 யார்டு. புது முகத்துக்கு விலை ஏறும். அதே அணியில் பழகிய ஆள் பக்கத்திலேயே மலிவாக நிற்பார்.

ஆனால் போனவரின் டார்கெட் முழுவதையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிடாதீர்கள். ஷகீருக்கும் டிக்ஸின் அளவு வரவில்லை. 3ஆம் படியில் செய்த பங்குக் கணக்கு இங்கேதான் காப்பாற்றும்.

காயத்தின் ஞாபகம், தண்டனையின் பயம். பிரீஸ் ஹாலுக்கு 2022 அக்டோபரில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. 2023 ஆகஸ்டில் ஜெட்ஸ் அணி டால்வின் குக்கையும் சேர்த்தது. விலை இறங்கியது. அந்த சீசனில் ஹால் 994 யார்டு ஓடி, 76 கேட்சும் பிடித்தார். டால்வின் குக் ஓடியது மொத்தமே 214 யார்டு. அதே வருடம் ஆல்வின் கமாராவுக்கு முதல் மூன்று ஆட்டம் தடை. திரும்பி வந்து 13 ஆட்டத்தில் 75 கேட்ச். மூன்று வாரம் இல்லாத ஆளுக்கு மூன்று வாரத்துக்கான தள்ளுபடிதான் நியாயம். சந்தை பெரும்பாலும் ஐந்தாறு வாரத்துக்கான தள்ளுபடி தரும். உங்கள் லீக்கின் பிளேஆஃப் 15 முதல் 17ஆம் வாரம் வரை என்றால், செப்டம்பரில் இல்லாதவர் டிசம்பரில் இருப்பார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எல்லாக் காயமும் ஒன்றில்லை. ஜவ்வு கிழிந்து பத்து மாதம் ஆனவர் வேறு. தொடைத்தசை பிடித்துக்கொண்டு பயிற்சி முகாமில் பாதி நாள் உட்கார்ந்திருப்பவர் வேறு. இரண்டாமவரின் தள்ளுபடி பல நேரம் நியாயமானதே.

இரண்டாம் வருடம். சீசன் மொத்தத்தை மட்டும் பார்ப்பவர்கள் கடைசி ஆறு வாரத்தைப் பார்ப்பதில்லை. அமோன்-ரா செயின்ட் பிரவுன் 2021இல் என்எஃப்எல் ட்ராஃப்டின் நான்காம் சுற்றில் டெட்ராய்ட்டுக்கு வந்த புதியவர். வருட மொத்தம் 90 கேட்ச், 912 யார்டு, சுமார்தான். ஆனால் கடைசி ஆறு ஆட்டத்திலும் தலா எட்டுக்குக் குறையாமல் பிடித்தார். ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா முதல் வருடம் 628 யார்டு, இரண்டாம் வருடம் 1,130. முந்தைய சீசனின் வாரவாரி எண்களை இரண்டாகப் பிரித்து, பின்பாதி முன்பாதியைவிட எவ்வளவு உயர்ந்தது என்று பார்ப்பதற்கு ஒரு மாலை போதும்.

வயதும் சலிப்பும். ரன்னிங் பேக் 30 வயதைத் தொட்டால் சந்தை ஓடும். பொதுவாக அது சரி. டெரிக் ஹென்றி 30 வயதில், 2024இல், பால்டிமோருக்குப் போய் 1,921 யார்டு ஓடினார். அங்கே மாறியது சூழல்: எதிரணித் தடுப்பாளர்கள் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனின் ஓட்டத்துக்கும் பயந்து நிற்க வேண்டியிருந்தது. வயதை மட்டும் எழுதியவர்கள் அந்த வரியை எழுதவில்லை.

இப்போது எதிர்ப்பக்கம். விலை குறைந்ததற்குக் காரணம் வேலையே போனது என்றால் விலகி நில்லுங்கள். முதல் ஆளாக இருந்தவர் இப்போது இரண்டாம் ஆள் என்றால், அவருடைய பழைய எண்கள் வேறொரு வேலைக்கு வாங்கிய சம்பளம். பெயரின் ஞாபகத்தில் எடுப்பவர்கள்தான் இதில் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். 25 பேரில் பத்துப் பன்னிரண்டு பேர் மிஞ்சினால் இந்தப் படியை ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

## 6. கடைசிச் சுற்றுகளுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள்

பத்தாம் சுற்றுக்குப் பிறகு கணக்கு மாறுகிறது. அங்கே எடுக்கும் ஆள் சரிப்படாவிட்டால் இரண்டாம் வாரமே கழற்றிவிடலாம். நஷ்டம் ஏதும் இல்லை. அதனால் வாரம் எட்டுப் புள்ளி உறுதியாகத் தரும் ஆள் இங்கே வேண்டாம். ஒன்றுமில்லாமல் போகலாம், போகாவிட்டால் வாரம் 18 என்கிற ஆள் வேண்டும்.

முதல் ஆள் யார் என்று தெளிவில்லாத ரன்னிங் பேக் கூட்டத்தில் இரண்டாமவரைத் தேடுங்கள். 2023இல் ராம்ஸ் அணிக்கு முதல் ஆள் கேம் ஏக்கர்ஸ் என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். முதல் வாரத்திலேயே அதிக நேரம் களத்தில் நின்றது கைரன் வில்லியம்ஸ். ஏக்கர்ஸ் 22 முறை ஓடி 29 யார்டு. அந்த மாதமே மினசோட்டாவுக்கு அனுப்பப்பட்டார். கைரன் 12 ஆட்டத்தில் 1,144 யார்டு. 2024இல் டாம்பா பேயில் ரஷாட் வைட்டுக்குப் பின்னால் நின்ற பக்கி இர்விங், என்எஃப்எல் ட்ராஃப்டின் நான்காம் சுற்றில் வந்த புதியவர், 1,122 யார்டு ஓடினார்.

பெரிய ரன்னிங் பேக்குக்கு அடுத்து நிற்கும் மாற்று ஆளை ஹேண்ட்கஃப் என்பார்கள். 2024இல் பெரும்பாலான லீக்கில் முதல் ஆளாகப் போன கிறிஸ்டியன் மெக்காஃப்ரி நான்கு ஆட்டம்தான் ஆடினார். முதல் வாரம் அவர் இடத்தில் இறங்கிய ஜோர்டன் மேசன் 147 யார்டு ஓடினார். உங்கள் ஆளுக்கு மாற்று எடுப்பது பாதுகாப்பு. அடுத்தவர் ஆளுக்கு மாற்று எடுப்பது லாபம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

குவார்ட்டர்பேக்கில் ஓடத் தெரிந்தவரைத் தேடுங்கள். லமார் ஜாக்சன் 2019இல் பல லீக்கில் பின்சுற்றில் கிடைத்தார். அந்த வருடம் ஓடியது 1,206 யார்டு. அது மட்டுமே 120 புள்ளி. பாஸிங் டச்டவுனுக்கு 4 புள்ளி தரும் லீக்கில் 30 டச்டவுனுக்குச் சமம். முந்தைய சீசனில் பாதி ஆட்டம்கூட முதல் ஆளாக இறங்காமலே 695 யார்டு ஓடியிருந்தார். தடயம் கண்ணெதிரே இருந்தது.

கிக்கரும் டிஃபென்ஸும் கடைசி இரண்டு சுற்றில். அதைப் பற்றி இதற்குமேல் யோசிக்கத் தேவையில்லை.

## 7. எந்தச் சுற்றில் எடுப்பது என்று இப்போதே எழுதிவையுங்கள்

மலிவு ஆளைக் கண்டுபிடித்தவர்கள் செய்யும் அடுத்த தவறு, தங்கள் கணக்கில் இருக்கும் இடத்திலேயே அவரை எடுத்துவிடுவது. உங்கள் கணக்கில் 30ஆவது ஆள், சந்தையில் 60 என்றால், 30இல் எடுத்தால் உங்களுக்கு ஒரு பைசா லாபமில்லை. முழு விலை கொடுத்துவிட்டீர்கள்.

ஐந்தாம் இடத்தில் இருப்பவரின் முறை 5, 20, 29, 44, 53, 68, 77, 92 என்று வரும். இரண்டு முறைக்கு நடுவில் ஒருதரம் 14 பேர் போவார்கள், மறுதரம் 8 பேர். ஏடிபி 60 உள்ளவருக்கு 53தான் உங்கள் கதவு; 68 வரை நிற்பார் என்று நம்பக் கூடாது. அந்த ஆளே இரண்டாவது பெரிய லாபம் என்றால் 44இல் எடுப்பதுகூடத் தவறில்லை. 29இல் எடுப்பது தவறு.

பெயர்களை அடுக்கடுக்காகப் பிரியுங்கள். ஒரே மதிப்புள்ள ஐந்து ரிசீவர் ஒரு அடுக்கில் இருந்தால் அவசரமில்லை. அடுத்த முறையும் யாராவது ஒருவர் மிஞ்சுவார். அடுக்கில் ஒரே டைட் எண்ட் மிஞ்சியிருந்தால் அவருக்கு முன்னுரிமை. புதியவர்கள் வரிசை எண்ணைப் பார்த்து எடுக்கிறார்கள். அடுக்கின் விளிம்பைப் பார்த்து எடுக்க வேண்டும்.

## 8. மாக் ட்ராஃப்டில் ஒத்திகை, ஆனால் அளவோடு

உங்கள் தளத்தில், உங்கள் இடத்தில் இருந்து மூன்று நான்கு மாக் ட்ராஃப்ட் செய்யுங்கள். நோக்கம் அணி அழகாக அமைவது இல்லை. உங்கள் பத்துப் பேரும் எந்தச் சுற்றில் போகிறார்கள் என்று குறிப்பதுதான். ஏடிபி சராசரி எண். ஒரே ஆள் ஒருதரம் 50இலும் மறுதரம் 70இலும் போவதை இங்கேதான் பார்ப்பீர்கள்.

கணினி எதிராளிகளோடு மட்டும் ஆடினால் விலை தவறாகத் தெரியும். அவை தளத்தின் வரிசையை ஒட்டியே எடுக்கும். ஏழு சுற்று முடிந்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விடும் பொது அறைகளிலும் பின்சுற்று விலையை நம்பாதீர்கள்.

## 9. கடைசி வாரச் செய்தியை வடிகட்டுங்கள்

ஆகஸ்டில் எல்லா ஆளும் "வாழ்க்கையின் சிறந்த உடற்கட்டில்" இருப்பார். பயிற்சியாளர் எல்லோரையும் புகழ்வார். இவற்றுக்கு விலை கிடையாது. முதல் வரிசை ஆட்களோடு யார் களத்தில் நிற்கிறார், மூன்றாம் டவுனில் (பத்து யார்டு எடுக்கக் கிடைக்கும் நான்கு முயற்சியில் மூன்றாவது) யார் இறங்குகிறார், யார் வெட்டப்பட்டார் என்பவை செய்தி. மற்றது பேச்சு.

2022 ஆகஸ்டில் ஜாஷ் ஜேகப்ஸ் ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டத்தில் (சீசனுக்கு முந்தைய ஒத்திகை ஆட்டம்) இறக்கப்பட்டார். முதல் வரிசை ஆட்களை யாரும் அதில் இறக்குவதில்லை. ரெய்டர்ஸ் அணி அவருடைய ஐந்தாம் வருட ஒப்பந்த உரிமையையும் வேண்டாம் என்று விட்டிருந்தது. "அவரைக் கைகழுவுகிறார்கள்" என்ற கதை பரவி விலை சரிந்தது. அந்த சீசனில் 1,653 யார்டு ஓடி என்எஃப்எல்லிலேயே முதலிடம். அவருடைய வேலையை எடுத்துக்கொள்ள அந்த அணியில் வேறு யார் இருந்தார் என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

செய்தி வந்தால் உங்கள் கணிப்பில் வாய்ப்புப் பத்தியை மட்டும் திருத்துங்கள். மீதி தானாக மாறட்டும். பெயரை இழுத்து மேலே வைப்பதும் கீழே தள்ளுவதும் வேண்டாம்.

## 10. ட்ராஃப்ட் மேசையில்

உங்கள் வரிசையைத் தளத்தில் முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள். இணையம் அறுந்தாலும் தளம் உங்கள் பட்டியலிலிருந்து எடுக்கும், அதன் சொந்தப் பட்டியலிலிருந்து இல்லை.

உங்களுக்குப் பின்னால் வருபவர்களிடம் எந்த இடம் காலி என்று ஒரு கண் வையுங்கள். உங்கள் அடுத்த முறைக்குள் வரும் நான்கு பேரிடமும் குவார்ட்டர்பேக் இருந்தால் உங்கள் குவார்ட்டர்பேக் தாராளமாக ஒரு சுற்று காத்திருப்பார். ஒரே நிலையில் நான்கைந்து பேர் சரசரவென்று போனால் புதியவர்கள் பதறிப்போய்த் தாங்களும் அதையே எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் மற்ற நிலைகளில் நல்ல ஆட்கள் கீழே நழுவிக்கொண்டிருப்பார்கள். உங்கள் மலிவு ஆள் அங்கே இருப்பார்.

ஓய்வு வாரம் மோதுகிறது என்று நல்ல ஆளை விடாதீர்கள். ஒரு வாரப் பிரச்சினை அது. அதற்குள் உங்கள் அணி பாதி மாறியிருக்கும்.

பேச்சில் ஜாக்கிரதை. "இந்த வருடம் நான் இவரை எடுக்கப்போகிறேன்" என்று வாட்ஸ்அப் குழுவில் பெருமை பேசுபவர் தன் கையாலேயே விலையை ஏற்றுகிறார்.

## 11. முதல் இரண்டு வாரம்

ட்ராஃப்ட் முடிந்ததும் உங்கள் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் வாரம் முடிந்ததும் புள்ளியைப் பார்ப்பதற்கு முன் ஸ்னாப், டார்கெட், ஓட்டம் மூன்றையும் உங்கள் கணிப்போடு ஒப்பிடுங்கள். வாய்ப்பு வந்து புள்ளி வரவில்லை என்றால் வைத்திருங்கள். புள்ளி வந்து வாய்ப்பு வரவில்லை என்றால், நல்ல விலைக்கு மாற்றிவிட அதுவே தருணம்.

2023இல் பூக்கா நகூவாவைப் பெரும்பாலான லீக்கில் யாரும் எடுக்கவே இல்லை. அவர் என்எஃப்எல் ட்ராஃப்டின் ஐந்தாம் சுற்றில் ராம்ஸ் அணிக்கு வந்த புதியவர். அந்த அணியின் முதல் ரிசீவர் கூப்பர் கப்புக்குத் தொடைத்தசைக் காயம். முதல் வாரம் நகூவாவுக்கு 15 டார்கெட், 10 கேட்ச். சீசன் முடிவில் 105 கேட்ச், 1,486 யார்டு, இரண்டுமே அப்போது புதியவர்களில் சாதனை. செவ்வாய் இரவு வெய்வரில் (யார் அணியிலும் இல்லாத வீரர்களைக் கேட்டு எடுக்கும் முறை) அவரை எடுக்க ஒரு காலி இடம் வேண்டியிருந்தது. பின்சுற்றில் ஆசையாக எடுத்த ஸ்லீப்பரை ஒரே வாரத்தில் விட மனம் வராமல் பலர் அந்த இடத்தைத் தரவில்லை. 6ஆம் படியில் எடுத்த ஆட்களில் யாரை முதலில் கழற்றுவது என்ற வரிசையை ட்ராஃப்ட் முடிந்த ராத்திரியே எழுதிவையுங்கள்.